1/6 + 1/6 + 1/9 எவ்வளவு? பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு பின்னக் கணக்கு

தாத்தா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எதுவும் எழுதாமல் காலமாகிவிட்டார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். பெரியப்பா, உங்கள் அப்பா, அத்தை என மூன்று பிள்ளைகள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எனவே ஆளுக்கு 1/3.

சில வருடங்களில் பெரியப்பாவும் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அவருடைய 1/3 பங்கு பெரியம்மா, அண்ணன், அக்கா மூவருக்கும் சமமாகப் பிரிகிறது. ஆளுக்கு 1/9. பிறகு உங்கள் அப்பா. அவருடைய 1/3 பங்கு அம்மாவுக்கும், ஒரே பிள்ளையான உங்களுக்கும் ஆளுக்கு 1/6 ஆகிறது.

இப்போது அம்மா தன் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறார். வெளிநாட்டில் செட்டிலாகிவிட்ட அண்ணன், "என் பங்கையும் நீயே வாங்கிக்கோ" என்கிறார்.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படி ஒரு பேச்சு நடக்காத வீடு குறைவு. கேள்வி இதுதான்: எல்லாம் சேர்ந்து அந்த வீட்டில் உங்கள் பங்கு எவ்வளவு?

1/6 + 1/6 + 1/9.

ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் பலருக்கு இங்கே கை நின்றுவிடும். காரணம், கீழே இருக்கும் எண்கள் வேறு வேறு.

அவசரத்தில் வரும் விடை

மேலே இருப்பதைக் கூட்டு: 1 + 1 + 1 = 3. கீழே இருப்பதைக் கூட்டு: 6 + 6 + 9 = 21. ஆக 3/21, சுருக்கினால் 1/7. முடிஞ்சுது!

கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருந்ததே 1/6. இன்னும் இரண்டு பேருடைய பங்கு வந்து சேர்ந்த பிறகு அது 1/7 ஆகக் குறையுமா?

மனை 1,800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 1/6 என்பது 300 சதுர அடி. அம்மாவின் 1/6 இன்னொரு 300. அண்ணனின் 1/9 என்பது 200. மொத்தம் 800 சதுர அடி. ஆனால் 1/7 என்று எழுதினால் சுமார் 257 சதுர அடிதான் வரும். ஒரே ஒரு தப்பான கூட்டலில் 540 சதுர அடிக்கு மேல் காணாமல் போய்விடுகிறது.

கீழே இருக்கும் எண் என்ன சொல்கிறது?

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இது பாடப்புத்தகப் பெயர். மனை வாங்கும் பாஷையில் சொன்னால் இன்னும் எளிது.

உங்களிடம் 3 சென்ட் நிலமும் 2 கிரவுண்டு நிலமும் இருக்கிறது. மொத்தம் எவ்வளவு? யாரும் '5' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் "5 என்ன? சென்ட்டா, கிரவுண்டா?" என்று கேட்பார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டையும் சதுர அடிக்கு மாற்றினால் 1,306.8 + 4,800 = 6,106.8 சதுர அடி. இப்போதுதான் கூட்ட முடிந்தது.

பின்னத்திலும் நடப்பது இதேதான். 1/6 என்றால் 'ஆறில் ஒன்று' என்ற அளவுள்ள ஒரு துண்டு. 1/9 என்றால் 'ஒன்பதில் ஒன்று' என்ற அளவுள்ள ஒரு துண்டு. பகுதி என்பது சென்ட், கிரவுண்டு மாதிரி அலகின் பெயர். தொகுதி என்பது அந்த அலகில் எத்தனை இருக்கிறது என்ற எண்ணிக்கை.

அலகு வேறாக இருந்தால் கூட்ட முடியாது. ஒரே அலகுக்கு மாற்றிவிட்டால் கூட்டல் தானாக வந்துவிடும். இந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

கூட்டும்போது பகுதியை ஏன் தொடக் கூடாது என்பதும் இதிலேயே இருக்கிறது. 3 சென்ட்டும் 2 சென்ட்டும் 5 சென்ட். சென்ட் என்ற அலகு அப்படியே இருக்கிறது, எண்ணிக்கை மட்டும்தான் கூடுகிறது.

சரி, எப்படி மாற்றுவது?

முதல் படி, பொதுவான அலகைக் கண்டுபிடிக்க வேண்டும். 6-ன் மடங்குகள் 6, 12, 18... 9-ன் மடங்குகள் 9, 18... இரண்டிலும் முதலில் வருவது 18. பள்ளியில் இதை மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.சி.ம. என்று படித்திருப்போம். பேச்சு வழக்கில் எல்.சி.எம்.

இரண்டாவது படி, ஒவ்வொரு பங்கையும் 18-ல் சொல்ல வேண்டும். 6 எப்படி 18 ஆனது? 3-ஆல் பெருக்கி. அப்படியானால் மேலேயும் 3-ஆல் பெருக்க வேண்டும்: 1/6 = 3/18. அதேபோல் 9-ஐ 2-ஆல் பெருக்கினோம்: 1/9 = 2/18.

மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கினால் பங்கு மாறாதா? மாறாது. 1,800 சதுர அடியை 6 துண்டாக்கி ஒன்றை எடுத்தாலும் 300 சதுர அடிதான். 18 துண்டாக்கி மூன்றை எடுத்தாலும் 300 சதுர அடிதான். துண்டு சின்னதாகிறது, அதற்கேற்ப எண்ணிக்கை கூடுகிறது.

மூன்றாவது படி, கூட்டல். 3/18 + 3/18 + 2/18 = 8/18. மேலும் கீழும் 2-ஆல் வகுபடும் என்பதால் 4/9.

விடை 4/9. ஏறக்குறைய பாதி வீடு.

எல்.சி.எம். வரவில்லை என்றால்?

பயப்பட வேண்டாம். பகுதிகளைப் பெருக்கிக்கொண்டாலும் வேலை நடக்கும். 6 × 9 = 54. அப்போது 9/54 + 9/54 + 6/54 = 24/54. இதைச் சுருக்கினாலும் அதே 4/9. எண்கள் கொஞ்சம் பெரிதாகும், கடைசியில் சுருக்கும் வேலை கூடும், அவ்வளவுதான். எல்.சி.எம். என்பது வேலையைக் குறைக்கும் வழி. அது இல்லாமலும் விடை சரியாகவே வரும்.

இன்னொரு உதாரணம். இஸ்லாமிய வாரிசுரிமை முறையில், இறந்தவருக்குப் பிள்ளை இருந்தால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. தந்தை உயிருடன் இல்லை, ஒரே மகன் மட்டும் என்றால், மீதி மகனுக்குப் போகும். எவ்வளவு மீதி? 8-க்கும் 6-க்கும் பொதுவாக முதலில் வருவது 24. மனைவிக்கு 3/24, தாய்க்கு 4/24, இரண்டும் சேர்ந்து 7/24. முழுச்சொத்து 24/24. ஆக மகனுக்கு 17/24. இங்கே 8 × 6 = 48 என்று எடுத்திருந்தால் 34/48 என்று வந்திருக்கும். சுருக்கினால் அதுவும் 17/24 தான்.

அப்போ மார்க் ஷீட்டில் மட்டும் எப்படிச் சரியாக வருது?

நல்ல கேள்வி. முதல் டெஸ்ட்டில் 20-க்கு 15, அடுத்த டெஸ்ட்டில் 30-க்கு 18. மொத்தம் 50-க்கு 33. மேலே மேலே கூட்டினோம், கீழே கீழே கூட்டினோம். தப்பே இல்லை.

இந்தப் பழக்கம்தான் பின்னக் கூட்டலிலும் புகுந்துவிடுகிறது. 15/20 என்று கோடு போட்டு எழுதுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் மார்க்கில் கீழே இருப்பது அந்தத் தேர்வின் மொத்த மதிப்பெண். இரண்டாவது தேர்வு வந்ததும் அந்த முழுமையே 20-லிருந்து 50 ஆகப் பெரிதாகிறது.

வீட்டில் அப்படி நடக்காது. அண்ணன் பங்கு உங்களுக்கு வந்ததால் வீடு பெரிதாகிவிடாது. முழுமை ஒன்றுதான், 1,800 சதுர அடி. உங்கள் துண்டுதான் வளர்கிறது. கணக்குப் போடும் முன் 'முழுமை ஒன்றா, இரண்டா?' என்று கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

கழித்தலும் இதே கதைதான்

உங்களிடம் 4/9 என்றால் மற்றவர்களிடம் எவ்வளவு? முழு வீடு 9/9. அதிலிருந்து 4/9 போக 5/9. அத்தையின் 1/3, பெரியம்மாவின் 1/9, அக்காவின் 1/9 சேர்ந்தும் இதே 5/9 வருகிறதா என்று பாருங்கள். 3/9 + 1/9 + 1/9. வருகிறது.

முழு எண்ணும் பின்னமும் கலந்து வரும்போதுதான் கழித்தலில் தடுமாற்றம். அதற்கு ஒரு நல்ல வழியைத் தச்சுப் பட்டறையிலும் கம்பிக் கடையிலும் பார்க்கலாம். அங்கே ஓர் இஞ்சுக்கு 8 நூல். 'மூணு நூல் கம்பி' என்றால் 3/8 இஞ்ச் கம்பி. 'நாலு நூல்' என்றால் அரை இஞ்ச்.

ஐந்தே கால் இஞ்ச் இடைவெளியில் 1 5/8 இஞ்ச் கனமுள்ள கட்டை உட்காருகிறது. மீதி இடம் எவ்வளவு? கால் இஞ்ச் என்பது 2/8. அதிலிருந்து 5/8 போகாது. பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் நூலுக்கு மாற்றிவிட்டால் கடனே வேண்டாம். ஐந்தே கால் இஞ்ச் என்பது 42 நூல். 1 5/8 என்பது 13 நூல். மீதி 29 நூல், அதாவது 3 5/8 இஞ்ச்.

எட்டைப் பொதுப் பகுதியாக வைத்துக்கொண்டு பின்னம் கழிக்கிறோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நூல் என்ற பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

முந்திரி: தமிழின் பொதுப் பகுதி

இந்த யோசனை நம் மொழிக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி படித்த காலத்தில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. அரை, கால், முக்கால் இன்றும் வாயில் இருக்கின்றன. அவற்றோடு அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320).

பார்த்தால் பகுதிகள் 2, 4, 8, 16, 20, 80 என்று கண்டபடி ஓடுகின்றன. ஆனால் எல்லாமே 320-ஐ மீதியில்லாமல் வகுப்பவை. அதனால் எதையும் முந்திரியில் சொல்லிவிடலாம். அரை என்பது 160 முந்திரி. கால் 80. அரைக்கால் 40. மா 16. காணி 4.

அரைக்காலும் ஒரு மாவும் சேர்ந்தால்? 40 + 16 = 56 முந்திரி. இன்றைய எழுத்தில் 1/8 + 1/20 = 56/320 = 7/40.

'மாகாணி' என்ற பெயரையே பிரித்துப் பாருங்கள். மா + காணி. மா 16 முந்திரி, காணி 4 முந்திரி, சேர்ந்தால் 20 முந்திரி. 320-ல் 20 என்பது 1/16. அதாவது 1/20 + 1/80 = 1/16. பகுதிகள் வேறுபட்ட இரண்டு பின்னங்களின் கூட்டல் ஒரு சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பின்னங்களுக்கான பழைய குறியீடுகள் 2019-ல் வெளியான யூனிகோட் 12.0-ல் இடம்பெற்றுவிட்டன.

முந்திரிக்கு ஓர் எல்லையும் உண்டு. 320-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி வரும். அத்தையின் 1/3 பங்கை முழு முந்திரிகளில் சொல்ல முடியாது. பழைய ரூபாயில் இந்தச் சிக்கல் இல்லை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, மொத்தம் 192 பை. அதில் மூன்றில் ஒன்று சரியாக 64 பை, அதாவது 5 அணா 4 பை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு என்று ஆனது. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 காசு, ஒரு காசு மீதி.

கால்குலேட்டர் போதாதா?

போனில் 1/6 + 1/6 + 1/9 என்று தட்டினால் 0.4444... என்று வரும். சரியான விடைதான். வில்லங்கம் அதை எழுதும்போது வருகிறது.

வீட்டின் மதிப்பு 90 லட்சம் ரூபாய் என்று வைப்போம். பங்குகளை இரண்டு தசம இடத்தில் நிறுத்தி 0.17, 0.17, 0.11, 0.11, 0.11, 0.33 என்று எழுதுகிறார்கள். கூட்டிப் பாருங்கள், மொத்தம் சரியாக 1.00. யாருக்கும் சந்தேகம் வராது.

ஆனால் அத்தைக்கு வர வேண்டியது 30 லட்சம். 0.33 என்று எழுதினால் 29 லட்சத்து 70 ஆயிரம். 30,000 ரூபாய் குறைகிறது. பெரியப்பா குடும்பத்தில் ஆளுக்கு 10,000 குறைகிறது. உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கு 30,000 கூடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை. தசமத்தை வெட்டியதால் பணம் இடம் மாறிவிட்டது. உறவுக்குள் பேச்சு முறிவதற்கு இது போதும்.

அதனால் பங்கை 1/3, 1/9 என்று பின்னமாகவே எழுதுங்கள். தொகையாக மாற்றுவதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸெலில் கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். கட்டத்தில் வெறுமனே 1/6 என்று தட்டினால் அது தேதியாக மாறிவிடும். முதலில் 0, பிறகு ஓர் இடைவெளி, அதன்பின் 1/6 என்று தட்டுங்கள். கட்டத்தின் ஃபார்மட்டில் ஃப்ராக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு இலக்கம் வரை காட்டும்படி வைத்தால் 11/18 மாதிரியான விடைகளும் ஒழுங்காகத் தெரியும். ஓர் இலக்கம் என்றே விட்டுவிட்டால் எக்ஸெல் அதற்குப் பக்கத்தில் உள்ள வேறொரு பின்னத்தைக் காட்டிவிடும்.

கையெழுத்துக்கு முன் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, கூட்டி வந்த விடை ஒவ்வொரு பங்கையும்விடப் பெரிதாக இருக்கிறதா? பகுதி பெரிதாகப் பெரிதாகத் துண்டு சின்னதாகும் என்பதை மறக்க வேண்டாம். 1/7 என்பது 1/6-ஐவிடச் சின்னது. கூட்டிய பிறகு சின்னதானால் கணக்கு தப்பு.

இரண்டாவது சோதனை, தோராயமாக எவ்வளவு வர வேண்டும்? 1978-ல் அமெரிக்காவின் தேசிய கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 தோராயமாக எவ்வளவு என்று கேட்டார்கள். 1, 2, 19, 21 என்பவை கொடுக்கப்பட்ட விடைகள். இரண்டு பின்னமுமே கிட்டத்தட்ட 1. ஆகவே விடை 2. ஆனால் 24 சதவீதம் பேர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. எண்களைப் பார்த்தார்கள், அளவைப் பார்க்கவில்லை.

மூன்றாவது சோதனை, எல்லோருடைய பங்கையும் ஒரே பகுதியில் எழுதிக் கூட்டினால் சரியாக 1 வருகிறதா? நம் குடும்பத்தில் உங்களுக்கு 3/18, அம்மாவுக்கு 3/18, பெரியம்மா, அண்ணன், அக்காவுக்கு 2/18 வீதம், அத்தைக்கு 6/18. மொத்தம் 18/18. வரவில்லை என்றால் யாரோ விடுபட்டிருக்கிறார்கள், அல்லது யாருக்கோ இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். தசமத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 0.33 எப்படித் தப்பித்தது என்று மேலே பார்த்தோமே.

யாருக்கு என்ன பங்கு என்பது சட்டம் சொல்ல வேண்டியது. பூர்வீகச் சொத்தா, சுயசம்பாத்தியமா, எந்த மதத்தின் வாரிசுரிமைச் சட்டம், உயில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது மாறும். அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆனால் அவர் சொல்லும் பங்குகளைக் கூட்டிச் சரிபார்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் போதும்.

ஒன்று நீங்களே போட்டுப் பாருங்கள். அத்தை தன் 1/3 பங்கில் பாதியை உங்களுக்கு விற்கிறார். இப்போது உங்களிடம் எவ்வளவு? 1/3-ல் பாதி 1/6. ஏற்கெனவே இருப்பது 4/9. பதினெட்டில் சொன்னால் 8/18 + 3/18 = 11/18. பாதி என்பது 9/18. அதாவது இந்த ஒரு பத்திரத்தோடு வீட்டில் பாதிக்கு மேல் உங்களுடையது.